பங்குதாரருக்குப் பதிலாவது கிடைக்க வேண்டும்

ஐயா,

திவாலான நிறுவனம் ஒன்றின் சிறு பங்குதாரர்கள் விளக்கம் கேட்டு அலைவது பற்றிய செய்தியைப் படித்தேன். 2016ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் 53ஆவது பிரிவுப்படி, நிறுவனம் கலைக்கப்படும்போது பணம் பெறும் வரிசையில் சாதாரணப் பங்குதாரருக்குக் கடைசி இடம். 2021இல், வீட்டுக்கடன் தந்துவந்த திவான் ஹவுசிங் நிறுவனம் திவாலாகிக் கைமாறியபோது பழைய பங்குகள் ரத்தாயின. பங்குதாரர்களுக்கு ஒரு பைசாகூட இல்லை. சரி, லாபத்தை எதிர்பார்த்தவர் நட்டத்தையும் ஏற்கத்தான் வேண்டும். ஆனால் எங்கே தவறு நடந்தது, தணிக்கையாளர் ஏன் முன்பே எச்சரிக்கவில்லை என்று கேட்பவருக்குப் பதில்கூடக் கிடைக்காதது அநியாயம்.

தக்கலையில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பணிக்கொடையில் ஒரு பகுதியை, இப்படித் திவாலான ஒரு நிறுவனத்தின் பங்குகளில் போட்டிருந்தார். பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் டீமேட் கணக்கிலிருந்து அவை மறைந்த பிறகுதான் அவருக்கு விஷயமே தெரியும். நிறுவனத்துக்கு அனுப்பிய பதிவுத் தபாலுக்கு இன்றுவரை பதில் இல்லை. கம்பெனிகள் சட்டத்தின் 245ஆவது பிரிவின்படி 100 பங்குதாரர்கள் சேர்ந்து, இயக்குநர்கள் மீதும் தணிக்கையாளர் மீதும் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தை அணுகலாம். மார்த்தாண்டத்திலும் குளச்சலிலும் தனித்தனியாக இருப்பவர்கள் மற்ற 99 பேரை எங்கே போய்த் தேடுவார்கள்? நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இவர்களை ஒருங்கிணைத்து மனு தயாரிக்க உதவலாம். அப்புறம், திவால் நடவடிக்கையை நடத்தும் தீர்வு நிபுணர், பங்குதாரர் கேள்விகளுக்கு 30 நாளுக்குள் எழுத்தில், தமிழிலும், பதில் தர வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவர வேண்டும்.

– வாசகர், தக்கலை