எந்தக் கீழாநெல்லி, எந்தச் சாறு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீழாநெல்லி இலைச் சாற்றில் ஆல்கலாய்டு, ஃபிளேவனாய்டு, டானின், சப்போனின் ஆகிய வேதிப்பொருள் வகைகள் இருப்பதைக் கல்லூரி மாணவர்கள் கண்டறிந்ததாகவும், அதனால் அது மஞ்சள் காமாலைக்கு மருந்து என்பது அறிவியல்பூர்வமாக உறுதியாகிவிட்டதாகவும் தங்கள் நாளிதழில் செய்தி வந்திருந்தது. மாணவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல நான் எழுதவில்லை. அந்த ஆய்விலிருந்து அந்த முடிவு கிடைக்காது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

ஃபெரிக் குளோரைடு விட்டால் நிறம் மாறுகிறதா, குலுக்கினால் நுரை நிற்கிறதா என்று பார்க்கும் சோதனைகள் இன்ன வகைச் சேர்மம் உண்டு என்று மட்டுமே காட்டும். எந்தச் சேர்மம், எவ்வளவு என்பதைக் காட்டா. நாம் அன்றாடம் குடிக்கும் தேயிலையிலும் இந்த நான்கு வகைகளும் உண்டு. கலவையை ஆவியாக்கிப் பிரித்து மூலக்கூறுகளை அடையாளம் காணும் ஜிசி-எம்எஸ் கருவியில் சோதித்தாலும், சூட்டில் ஆவியாகும் சிறு மூலக்கூறுகள்தாம் பெரும்பாலும் வெளிப்படும். ஆய்வறிக்கைகளில் பெருமையாக இடம்பெறும் பால்மிடிக் அமிலமும், பச்சையத்தின் ஒரு பகுதியான ஃபைட்டாலும் ஏறக்குறைய எல்லாப் பச்சிலைகளிலும் கிடைப்பவை. பிளாஸ்டிக் குழாயிலிருந்தோ கரைப்பானிலிருந்தோ கலந்துவிட்ட தாலேட் என்னும் பிளாஸ்டிக் சேர்பொருளைக்கூடச் செடியின் மருந்துப்பொருளாகக் கணக்கில் சேர்த்துவிடுவது உண்டு.

கீழாநெல்லியில் அளந்து பார்க்க வேண்டியவற்றுள் முதன்மையானவை ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்னும் லிக்னன் வகைத் தாவரச் சேர்மங்கள். தூய மாதிரியோடு ஒப்பிட்டு, கரைசலில் உள்ள சேர்மங்களைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி முறையில் இவற்றின் அளவைச் சொல்ல முடியும். இவை மெத்தனாலில் நன்றாகக் கரையும், தண்ணீரில் அரிதாகவே கரையும். ஆகவே மெத்தனால் சாறும் வெந்நீர்க் கஷாயமும் ஒன்றல்ல. செடியை அரைத்து மோரில் கலக்கி விழுதோடு விழுங்கும் வீட்டு வழக்கம் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. வெறுமனே ‘சாறு’ என்று எழுதினால் வாசகர் எதைப் புரிந்துகொள்வார்?

செடி எது என்பது அதைவிடப் பெரிய சிக்கல். நம் ஊர்க் கீழாநெல்லியின் தாவரவியல் பெயர் ஃபில்லாந்தஸ் அமாரஸ். பழைய தாவர நூல்கள் பல இதையே ஃபில்லாந்தஸ் நிரூரி என்று தவறாகக் குறித்தன. கடைச்சரக்கில் மேலாநெல்லி உள்ளிட்ட ஒத்த தோற்றமுடைய வேறு சில இனங்களும் கலந்து வருகின்றன, அவற்றின் லிக்னன் அளவோ ஒன்றுபோல் இருப்பதில்லை. உலர்த்திய செடி மாதிரிகளைச் சேமித்து வைக்கும் திருச்சி ராபினட் உலர்தாவரகம் போன்ற ஓரிடத்தில் மாதிரியை ஒப்படைத்து இனத்தை உறுதிசெய்யாத ஆய்வு எந்தச் செடியைப் பற்றியது என்றே சொல்ல இயலாது.

இந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. சென்னையைச் சேர்ந்த தியாகராஜன் குழுவினரும் நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கும் இணைந்து 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், ஃபில்லாந்தஸ் அமாரஸ் உட்கொண்ட, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியின் தொற்றாளர்களில் 59 சதவீதத்தினரிடம் அக்கிருமியின் மேற்பரப்புப் புரதம் மறைந்ததாகச் சொல்லப்பட்டது; போலி மாத்திரை பெற்றவர்களில் அது 4 சதவீதமே. ஆனால் பின்னர் தாய்லாந்திலும் பிற நாடுகளிலும் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. விளைந்த இடத்தையும் பறித்த பருவத்தையும் பொறுத்துச் செடியின் வேதிப்பொருள்கள் மாறியிருக்கலாம் என்று ஒரு விளக்கம் முன்வைக்கப்பட்டது. அளந்து தரப்படுத்தாத மருந்தை வைத்துக்கொண்டு அந்த விளக்கத்தை ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

இனிமேல் இத்தகைய செய்திகளில் தாவரத்தின் இனம், கரைப்பான், அளந்து கண்ட சேர்மத்தின் அளவு ஆகிய மூன்றையும் கேட்டு வெளியிடுமாறும், சோதனைக்குழாயில் கண்டதை நோயாளிக்குக் கிடைத்த பலனாக எழுதாதிருக்குமாறும் தங்கள் செய்தியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை.