நீங்க சொன்ன அந்த வில்லி நான்தாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல பள்ளிக்கூடப் படங்களைப் பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க. சாட்டை (2012), ராட்சசி (2019), வாத்தி (2023)னு வரிசையா சொல்லிட்டு வந்து, கடைசிக்கு முந்தின பாராவுல போற போக்குல ஒரு வரி, பிள்ளைங்களை உருப்போட வைக்கிற வாத்தியாருங்கதான் அரசுப் பள்ளியோட நிஜ வில்லனுங்களாம். எழுதினவர் எழுதிட்டு டீ குடிக்கப் போயிருப்பாரு. எனக்குத்தான் அதைப் படிச்சதுலேர்ந்து சோறு இறங்கல. அரசுப் பள்ளியில பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்து ரிட்டையர் ஆனவ நான், உருப்போடவும் வச்சிருக்கேன், அதனால அந்த வில்லி நான்தான்.

பத்தாவது கணக்கு வினாத்தாள் எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்லித் தெரியணுமா. கடைசி ரெண்டு கேள்வி, 43ம் 44ம், ஒண்ணு ஜியாமெட்ரி ஒண்ணு கிராஃப், ஒவ்வொண்ணுக்கும் 8 மார்க். முன்னாடி ஒன் மார்க் 14. பாஸுக்கு வேண்டியது 35. வாய்ப்பாடே தடுமாறுற பிள்ளையா இருந்தாலும் இந்த 16ஐ வாங்கி, பாடத்துக்குப் பின்னாடி இருக்கிற புக் பேக் ஒன் மார்க்ல முக்காவாசியைத் தேத்தி, ரெண்டு மார்க்ல தெரிஞ்சதைப் போட்டா கரையேறிடும். டியூஷனுக்குக் காசு இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வெளியில ஆள் உண்டு, எங்க பிள்ளைங்களுக்கு சாயந்திரம் ஸ்பெஷல் கிளாஸ்ல நாங்கதான்.

ஒரு பொண்ணு இருந்தா, காலையில பூ கட்டிக் குடுத்துட்டு வருவா, கணக்குன்னாலே அழுகை. வட்டத்துக்கு வெளியில இருக்கிற புள்ளியிலேர்ந்து தொடுகோடு வரையிறதை அவளுக்குத் திரும்பத் திரும்பப் போட வச்சேன். மையத்தையும் புள்ளியையும் சேரு, மையக்குத்துக்கோடு போடு, அது வெட்டுற இடத்துல காம்பஸை வச்சு இன்னொரு வட்டம் போடு, ரெண்டு வட்டமும் வெட்டிக்கிற இடத்துக்குக் கோடு இழு. அர்த்தம் கேக்காத, கை பழகட்டும்னு சொன்னேன், ஆமா, அப்படித்தான் சொன்னேன். ஜனவரியில ஒரு நாள் அவளே நோட்டைத் தூக்கிட்டு வந்து, ஏன் மிஸ் இந்தக் கோடு வட்டத்தை வெட்டாம தொட்டுட்டு மட்டும் போகுதுன்னு கேட்டா. அரைவட்டத்துல கோணம் 90ன்னு அன்னிக்குச் சொன்னேன், பளிச்சுன்னு பிடிச்சுக்கிட்டா. ஜூன்லயே சொல்லியிருந்தா எழுந்து ஓடியிருப்பா. இதை எந்தப் படத்துல காட்டினாங்க?

எங்க ஸ்டாஃப் ரூம்லயும் உங்க ஹீரோ ஒருத்தர் வந்தாரு, சின்னப் பையன், சயின்ஸ். கிளாஸ் மொத்தத்தையும் வேப்ப மரத்தடிக்கு ஓட்டிட்டுப் போயிடுவாரு. பரீட்சைக்கு மட்டுமா மேடம் படிப்புன்னு என்கிட்ட மல்லுக்கு நிப்பாரு, பாஸானாத்தான் தம்பி அதுக்கு மேல படிப்புன்னு நானும் விட மாட்டேன். பிள்ளைங்களுக்கு அவரைத்தான் பிடிக்கும், எனக்குத் தெரியும். ஆனா மரத்தடியில உக்காந்துக்கிட்டே அந்தப் பிள்ளைங்க கேட்டது என்ன, "சார், இது பப்ளிக்ல வருமா?" பாவம், மனுஷன் முகம் சுண்டிப் போச்சு. சினிமாவுல எந்தப் பிள்ளையும் இதைக் கேக்காது, கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டு கை தட்டும். அவரும் நல்ல வாத்தியார்தான், நானும்தான், ஆனா படத்துல ரெண்டு பேருக்கும் இடம் இல்ல. அவர் ஹீரோன்னா நான் சாட்டையில தம்பி ராமையா பண்ண உதவித் தலைமையாசிரியரா ஆகியே தீரணும்.

எங்களை உருப்போட வைக்கச் சொன்னது யாருங்க? செயல்வழிக் கற்றல் வந்துச்சு, 2012ல வருஷத்தை மூணாப் பிரிச்சுப் பாடம் நடத்துற முப்பருவம் வந்துச்சு, 2019ல பத்தாவதுக்குப் புது புக் வந்துச்சு, ஒவ்வொண்ணுக்கும் பயிற்சின்னு கூப்பிட்டு சார்ட்ல பூ ஒட்ட வச்சாங்க. ரிசல்ட் வந்தப்புறம் மாவட்டக் கல்வி அதிகாரி சிஇஓ மீட்டிங்ல எழுப்பி நிக்க வச்சுக் கேட்டது என்னமோ ஒரே கேள்விதான், பாஸ் பர்சன்டேஜ் ஏன் குறைஞ்சுது? பூ ஒட்டின சார்ட்டை அங்க யாரும் கேக்கல. நடுவுல பிள்ளைங்க விவரத்தையெல்லாம் எமிஸ்ங்கிற அரசு வெப்சைட்ல ஏத்து, எலெக்‌ஷன் டியூட்டி பாரு, அது தனி ராமாயணம்.

சரி, அரசாங்கத்தை விடுங்க, உங்க கதைக்கு வர்றேன். ரேங்க் பட்டியல் வேணாம்னு 2017லயே நிறுத்தியாச்சு. உங்க பத்திரிகையில இன்னமும் மே மாசம் வந்தா சென்டம் வாங்கின பிள்ளைங்க மூஞ்சியோட தனியார் பள்ளி விளம்பரம் முழுப் பக்கம் வருதே, அதெல்லாம் உருப்போடாம மரத்தடியில உக்காந்து வாங்கினதா? டிசம்பர் ஆனா மாதிரி வினாத்தாள் இணைப்பு வேற, விடையோட. உருப்போடுறது வில்லத்தனம்னா அந்த இணைப்பை என்னன்னு சொல்றது? இதையே ரெண்டு வருஷம் முன்னாடி நான் எழுதினேன், நீங்க மூணு வரியா வெட்டி, அதுலயும் 'இணைப்பு பயனுள்ளது'ங்கிற வரியை மட்டும் பத்திரமா வச்சுப் போட்டீங்க. ரொம்ப நன்றிங்க.

மன்னிப்பெல்லாம் கேக்க வேணாம், கேக்க மாட்டீங்கன்னும் தெரியும். போன இணைப்புல கணக்கு ஒன் மார்க் விடையில ரெண்டு தப்பு, கிராஃப் கேள்விக்கு அளவுத்திட்டமே போடல. அதை நம்பிப் படிச்ச பிள்ளைங்க இருக்காங்க. இந்த வாட்டி அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு டீச்சர்கிட்ட காட்டிடுங்க. ஆள் கிடைக்கலன்னா எனக்கு அனுப்புங்க, காசு வேணாம், திருத்தித் தர்றேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை,
திருவண்ணாமலை மாவட்டம்.