ஞாயிறு நடை: எம்டனுக்கு அப்புறம் வந்தவர்கள்

நண்பர்களே, ஞாயிறு காலை 6.30க்கு உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் உள்ள எம்டன் கல்வெட்டு அருகே கூடுவோம். 1914இல் ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் சென்னை மேல் குண்டு போட்ட கதை எல்லோருக்கும் மனப்பாடம், சீக்கிரம் முடித்துவிடலாம்.

இந்தத் தடவை 1942 ஏப்ரல். ஜப்பானியக் கடற்படை வங்கக்கடலில் புகுந்து, கரையை ஒட்டிப் போன சரக்குக் கப்பல்களைச் சில நாட்களிலேயே இருபதுக்கும் மேல் மூழ்கடித்தது. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழ, சென்னையில் பாதி ஊர் மூட்டை கட்டியது. ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் இன்றும் 50 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கைப்படி நீருக்கடியில் 100 ஆண்டு கிடந்தால்தான் அது பாரம்பரியம். அதாவது 2042. அதுவரை உப்புத்தண்ணீரும் பழைய இரும்புக்காரர்களும் பொறுக்க வேண்டுமே!

உயர் நீதிமன்ற மெட்ரோவில் இறங்கினால் பக்கம். தண்ணீர் பாட்டில், தொப்பி கட்டாயம். வருகிறவர்கள் இன்றே சொல்லிவிடுங்கள்.