டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டாதே

ஹட்டன்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வியாழக்கிழமை கைக்கு வந்தது. இங்கே நாலு நாளாக மழை விடவில்லை. மத்தியானமே பனி இறங்கி ரோட்டை மூடிவிடுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை, உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அப்பா எடுத்த படங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை கம்ப்யூட்டர் காட்டவே இல்லை, போய்விட்டது போல என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் நெஞ்சு அடைத்துப் போனது. போன மாதம் எனக்கும் இதே கதிதான். ஆறு மாசியாக ராத்திரி ராத்திரியாக விழித்திருந்து பதிவு செய்த, ரதி மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து முழுவதும் ஒரே டிஸ்க்கில் கிடந்தது. செருகினேன், திரையில் ஒன்றும் வரவில்லை. கடையில் கொடுத்தேன். ஒரு தரம் செருகிப் பார்த்துவிட்டு, "இது முடிஞ்சுது அண்ணே" என்று திருப்பித் தந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து லினக்ஸ் மடிக்கணினியில் கர்னல், அதாவது லினக்ஸின் உள்மையம், எழுதும் குறிப்புகளைப் பார்த்தேன். உன் மெஷினிலும் டிமெசேஜ் (dmesg) கட்டளை கொடுத்தால் அது வரும், முன்பு காட்டித் தந்தேனே. அதில், புதிய யூஎஸ்பி சாதனம் ஒன்று வந்திருக்கிறது என்று ஒரு வரி. அடுத்து, சாதனத்தின் விவரத்தைப் படிக்க முடியவில்லை, பிழை -71. அதே பிழை இன்னும் சில தடவை. அப்புறம் கர்னல் கைவிட்டுவிட்டது.

அந்த முதல் வரியைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

மெஷின் எழும்பும்போது கர்னல், தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு மாதிரி ஒவ்வோர் இடமாகக் கூப்பிட்டுப் பார்க்கும். பிசிஐ என்ற உள்பாதையில் இருக்கும் பாகங்கள் தங்கள் தயாரிப்பாளர் எண்ணைச் சொல்லும். ஆள் இல்லாத இடத்திலிருந்து வெறும் ஒன்றுகளாகவே பதில் வரும். யூஎஸ்பி கட்டுப்படுத்தியும் இந்தப் பெரட்டில்தான் பேர் கொடுக்கிறது. ஆனால் யூஎஸ்பியில் செருகும் சாதனம் எந்த நேரமும் வரலாம், அதற்காகக் கர்னல் காத்திருக்க வேண்டும். யூஎஸ்பி 2 சாதனம் ஒன்றைச் செருகியதும், அதற்குள் இருக்கும் 1.5 கிலோஓம் மின்தடை ஒரு தரவுக் கம்பியின் மின்னழுத்தத்தை மேலே இழுக்கும். ஆள் வந்திருக்கிறது என்று தெரிவது அந்த இழுப்பால்தான். உடனே கர்னல் அந்த வாயிலை மீட்டமைத்து, பேர் இல்லாத புதிய ஆளுக்கு 1 முதல் 127க்குள் ஒரு முகவரி கொடுத்து, "நீ யார்?" என்று கேட்கும். 18 பைட்டில் பதில் வரவேண்டும்.

என் டிஸ்க் வாசலுக்கு வந்துவிட்டது, ஆனால் பேச்சு குழறுகிறது. -71 என்றால் பரிமாற்றம் ஒழுங்காக நடக்கவில்லை என்று அர்த்தம். டிஸ்க்கின் உள்ளே சுழலும் தகடு செத்திருந்தால் பிழை இந்த இடத்தில் வந்திருக்காது. கேபிளின் முனையை டோர்ச் அடித்துப் பார்த்தேன். நம் ஊர் ஈரம் அந்தச் சின்னச் செப்பு நாக்குகளில் பச்சையாகப் படிந்திருந்தது. வேறு கேபிள் மாற்றினேன், அவ்வளவுதான்.

அப்போது வந்த வரிகளை நான் வாசித்த வாசிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்! தயாரிப்பாளர் எண் வந்தது. சேமிப்பகச் சாதனம் என்று கர்னல் இனம் கண்டது, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் வந்து உட்கார்ந்தது. கொள்ளளவைக் கேட்டபோது 976773168 துண்டுகள், ஒவ்வொன்றும் 512 பைட் என்று பதில். பெருக்கினால் 500 ஜிபி. டிஸ்க்குக்கு எஸ்டிபி (sdb) என்று பேர் வைத்தது. கடைசியாக முதல் துண்டைப் படித்துப் பிரிவுகளைத் தேடியது. எஸ்டிபி1, அதாவது அதன் முதல் பிரிவு, வந்தது. பத்து நிமிடத்தில் ரதியும் மன்மதனும் திரையில் ஆடினார்கள். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து பார்த்தார்.

அதனால் உன் டிஸ்க்கை இப்போதைக்கு யாரிடமும் கொடுக்காதே. செருகிவிட்டு வரிகளைப் பார். ஒரு வரிகூட வராவிட்டால் முதலில் கேபிளையும் யூஎஸ்பி வாயிலையும் மாற்று. டிக் டிக் என்று சத்தம் மட்டும் கேட்டால் மின்சாரம் போதவில்லையோ என்று பார். யூஎஸ்பி 2 வாயில் 500 மில்லிஆம்பியர்தான் தரும், பழைய டிஸ்க்குகளுக்குச் சுழலத் தொடங்கும்போது அது காணாது. ஆனால் மின்சாரம் சரியாக இருந்தும் அந்தச் சத்தம் நிற்காவிட்டால் உடனே கழற்றி வை, திரும்பத் திரும்பச் செருகாதே. எஸ்டிபி வந்து எஸ்டிபி1 வராவிட்டால் எதையும் அழுத்தாமல் எனக்கு எழுது. விண்டோஸ் "ஃபோர்மட் செய்யவா?" என்று கேட்கும். வேண்டாம் மச்சான், அப்பாவின் படங்கள்.

கடைசியாக வரும் நாலு வரியையும் அப்படியே பார்த்து எழுதி அனுப்பு. கூத்துப் பதிவுகளை இப்போது இரண்டு டிஸ்க்கில் வைத்திருக்கிறேன், மாசிக்கு நீ வரும்போது ஒன்றை உனக்குத் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்