நல்லூர்த் தொடர்மாடியும் அயல் கிணறுகளும்

ஆசிரியருக்கு வணக்கம்,

நல்லூர்க் கோயிலுக்குக் கிட்ட ஒரு சொகுசுத் தொடர்மாடி வரப்போகிறது, உச்சி மாடி முழுக்க ஒரே பென்ட்ஹவுஸ், பல்கனியில் நின்றால் கோபுரம் நேரே தெரியும் என்று ஒரு விளம்பரம் கொஞ்ச நாளாக வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நீச்சல் தடாகமும் உண்டாம். தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும் என்று மட்டும் அதில் ஒரு வரி கூட இல்லை. அந்த இரண்டையும் கேட்கத்தான் எழுதுகிறேன்.

தொடர்மாடியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உத்தியோகத்துக்கு வந்து வாடகைக்கு அலைகிற குடும்பங்களுக்கு வீடு வேண்டும், கடைசிக் காலத்தை ஊரில் கழிக்கத் திரும்பி வருகிற வயதானவர்களால் பெரிய வளவைக் கூட்டிப் பராமரிக்க ஏலாது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் உள்ளவர் இங்கே காணி வாங்குவதை 2014 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, தொடர்மாடி வீட்டுக்கு அதில் விலக்கு உண்டு, அதனால் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகள் இதை விரும்புவதும் விளங்குகிறது. சரி, கட்டட்டும். ஆனால் எந்த நிலத்தின் மேல் கட்டுகிறோம் என்று யோசிக்க வேண்டாமா?

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. கீழே சுண்ணாம்புக்கல். ஐப்பசி கார்த்திகை மழை கல்லிடுக்கால் இறங்கி, அடியில் உள்ள உப்புத் தண்ணீருக்கு மேலே நல்ல தண்ணீராக மிதக்கிறது, கிணற்றில் அள்ளுவது அதைத்தான். மேல் மட்டம் ஒரு அடி இறங்கினால் அடியிலுள்ள உப்பு 40 அடி வரை ஏறும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் போடும் கணக்கு. யாழ்ப்பாண நகரத்துக்குக் கழிவுநீர்க் குழாய்த் தொகுதியும் இல்லை, எல்லா வீட்டுக்கும் மலக்குழிதான். ஒரு வளவில் ஒரு குடும்பத்தின் குழி இருந்த இடத்தில் மாடிக்கு மாடி குடியேறினால் அவ்வளவு கழிவும் அதே கல்லிடுக்கால்தானே அயல் கிணறுகளுக்கு இறங்கும்?

எங்கள் பக்கத்து ஒழுங்கையில் போன கோடையில் ஒரு மாடிக் கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டினார்கள். கிடங்கில் ஊறிய தண்ணீரை இரவு பகலாக மோட்டர் போட்டு இறைத்து வீதி வாய்க்காலில் விட்டார்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் நாலு குடும்பத்தின் பங்குக் கிணறு. வாளியை விட்டால் அடிக்கல்லில் இடிக்கிற சத்தம் கேட்டது, ஏறி வந்ததும் கால்வாளி கலங்கல். வேலை முடிந்த பிறகு தண்ணீர் ஊறியது உண்மை, ஆனால் தேத்தண்ணியில் உவர் தெரிகிறது, அந்த நாலு வீட்டுக்காரரும் இன்றைக்கும் குடிக்கப் போத்தல் தண்ணீர் வாங்குகிறார்கள். கிணற்றுப் பங்கு என்று காணி உறுதியில் எழுதித் தலைமுறை தலைமுறையாக வந்த உரிமை அது. யாரிடம் போய் முறையிடுவது?

குழாய்த் தண்ணீர் வந்துவிட்டதே என்பார்கள். தாளையடிக் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது நல்ல காரியம், நாளுக்கு 24,000 கன மீற்றர் என்பது சின்ன அளவும் இல்லை. ஆனால் குழாயால் உள்ளே வரும் தண்ணீர் பாவித்த பிறகு வெளியே போகவும் வழி வேண்டும், அந்த வழி இன்னும் குழிதான்.

அப்புறம் கோபுரம். 1620களில் போத்துக்கேயர் பழைய கோயிலை இடித்தார்கள், 1734 இல் மாப்பாண முதலியார் மீண்டும் எழுப்பினார். 25 நாள் திருவிழாவுக்கு வீதி மறித்து ஊரே வெறுங்காலோடு நடக்கிற இடம் இது. அந்தக் கோபுரத்தைக் கீழே பார்க்கிற உயரத்தில் ஒரு வரவேற்பறை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இதை நம்பிக்கை என்று தள்ளினாலும் பரவாயில்லை, யாழ்ப்பாண அரசர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய சின்னங்களான மந்திரிமனை, யமுனா ஏரி, சங்கிலியன் தோரண வாசல் எல்லாம் இதே அயலில்தான் இருக்கின்றன. இங்கே உயரத்துக்கு ஒரு எல்லை வைப்பதில் என்ன தவறு?

வெளிநாட்டிலிருந்து அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் கையெழுத்து வைக்க இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) அனுப்பிப் பங்குக் காணியை விற்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்காளிகளுக்கு வாங்குவதில் முன்னுரிமை உண்டு, 1947 ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. கையெழுத்து வைக்க முன் ஊரில் இருக்கிற சகோதரத்தை ஒருக்கால் கேளுங்கள்.

மாநகர சபையும் நகர அபிவிருத்தி அதிகார சபையும் அனுமதி கொடுக்க முன் வரைபடத்தைத் தமிழில் சபை வாசலில் ஒட்ட வேண்டும். கழிவைக் குழிக்குள் விடாமல் வளவுக்குள்ளேயே சுத்திகரிக்கும் பொறி இல்லாமல் மாடிக்கு அனுமதி வேண்டாம். அத்திவாரம் வெட்ட முன் சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவரையும் அளந்து பதிந்து, கிணறு கெட்டால் கட்டியவர் பொறுப்பு என்று எழுத்தில் வாங்க வேண்டும். அந்த அளவை ஆவணி, புரட்டாசியில் எடுங்கள், மாரியில் எடுத்தால் எல்லாக் கிணறும் நிறைந்துதான் இருக்கும்.

நல்லூர் வாசகர் ஒருவர்