எண்ணாமல் எழுதப்படும் 20

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் மாணவர்களின் படிப்பும் ஒழுக்கமும் சரிந்துவிட்டதாக உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வார்டு சிஸ்டராகவும், அப்புறம் நர்சிங் கல்லூரிப் பயிற்றுநராகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கட்டுரையாளரின் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அவர் குறைபட்டுக்கொண்ட விஷயங்கள் எல்லாம் தலைமுடி, செல்போன், சத்தமாகச் சிரிப்பது, தாமதமாக வருவது என்றே இருந்தன. கண்டிக்க வேண்டிய இடம் அதுவல்ல.

ஏதாவது ஒரு வார்டில் டிபிஆர் சார்ட்டை, அதாவது காய்ச்சல், நாடித்துடிப்பு, சுவாசம் மூன்றையும் குறிக்கும் தாளை, எடுத்துப் பாருங்கள். காய்ச்சல் ஒருவருக்கு 99, இன்னொருவருக்கு 101 என்று இருக்கும். நாடித்துடிப்பும் ஆளுக்கு ஆள் மாறும். சுவாசக் கட்டத்தில் மட்டும் படுக்கைக்குப் படுக்கை 20, 20, 20. வார்டு முழுக்கச் சொல்லிவைத்தாற்போல ஒரே வேகத்தில் மூச்சு விடுகிறார்களாம்! விஷயம் இதுதான்: தெர்மாமீட்டரும் பிரஷர் பார்க்கும் கருவியும் எண்ணைத் தாமே காட்டிவிடும். மூச்சை நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அதையும் நோயாளிக்குத் தெரியாமல் செய்ய வேண்டும், தெரிந்தால் அவர் மூச்சு விடும் விதமே மாறிவிடும். நாடி பிடித்த கையை எடுக்காமல் அப்படியே மூச்சை எண்ணச் சொல்லித்தருவது இதற்காகத்தான். அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்கும் மாணவி 20 என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுகிறாள்.

இது சின்ன விஷயம் இல்லை. பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய நியூஸ் (NEWS) என்ற முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் மதிப்பெண் கூடக் கூட நோயாளியின் நிலை மோசம் என்று அர்த்தம். சுவாசம் 12 முதல் 20 வரை இருந்தால் அதில் மதிப்பெண் பூஜ்யம். 25-ஐத் தொட்டால் ஒரேயடியாக 3. மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் அந்த 3-க்காகவே உடனே ஆள் வந்து பார்க்க வேண்டும். நிமோனியாவிலும், கிருமித்தொற்று உடம்பு முழுக்கப் பாதிக்கத் தொடங்கும்போதும், பிரஷர் இறங்குவதற்கு முன்பே மூச்சு வேகம் பிடிப்பது உண்டு. நிமிடத்துக்கு 26 முறை மூச்சு வாங்கும் நோயாளிக்கு ஒரு மாணவி 20 என்று எழுதினால், யாரையும் கூப்பிட வேண்டாம் என்று அவளே முடிவு செய்துவிட்டாள் என்று அர்த்தம்.

இதற்கு என்ன தண்டனை? நான் பார்த்தவரை ஒன்றுமில்லை. கொண்டை சரியில்லை என்று வெளியே நிற்கவைக்கப்பட்டவர்கள் ஏராளம். எண்ணாமல் எழுதியதற்காக நிற்கவைக்கப்பட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தொடங்கிய பள்ளியில் ஒவ்வொரு பயிற்சி மாணவியைப் பற்றியும் மாதாமாதம் ஒரு குறிப்புத்தாள் எழுதப்பட்டது. நேரம் தவறாமை, அமைதி, நம்பகம், சுத்தம் எல்லாம் அதில் தனித்தனிக் கட்டங்கள். நாம் நம்பகத்தை விட்டுவிட்டு மீதியைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

பிள்ளைகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. முதலாம் ஆண்டு மாணவி வார்டுக்குள் நுழைந்ததும் பார்ப்பது சீனியர் என்ன செய்கிறாள் என்பதைத்தான். ஒரு நோயாளிக்கு என்னென்ன பராமரிப்பு என்று மாணவி எழுத வேண்டிய கேர் பிளானைச் சீனியரின் ஃபைலிலிருந்து அப்படியே எழுதிக் கொடுத்தாலும் கையெழுத்து விழுகிறது. ஒரு முறை சென்ற ஆண்டு நோயாளியின் வயதைக்கூட மாற்றாமல் வந்த கேர் பிளானில் பயிற்றுநரின் பச்சை மை கையெழுத்தைப் பார்த்தேன். செய்த வேலைகளைப் பதிந்துவைக்கும் லாக் புக்கில் செய்யாத டிரெஸ்ஸிங்கும் போடாத கதீட்டரும் (சிறுநீர்க் குழாய்) செய்ததாக ஏறுகின்றன. வகுப்பில் காப்பி அடிப்பவர்களே வார்டிலும் பொய்க் குறிப்பு எழுத வாய்ப்பு அதிகம் என்பதை 1980களிலிருந்தே நர்சிங் ஆய்வுகள் காட்டிவருகின்றன. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? ஆள் ஒன்றுதானே.

தேர்ச்சி மதிப்பெண் பற்றியும் ஒரு வார்த்தை. மருந்தளவுக் கணக்கைப் பொதுத் தாளோடு சேர்த்துப் பாதி மதிப்பெண்ணுக்குத் தேர்ச்சி போட்டுவிடுவது சரியில்லை. பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் 2018-ல் வெளியிட்ட விதிகளின்படி அந்தக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினால்தான் தேர்ச்சி. முதலில் கேட்கும்போது கொடுமையாகத் தோன்றும். 0.5 மில்லி என்பதில் புள்ளியைத் தவறவிட்டால் 5 மில்லி, பத்து மடங்கு. இன்சுலினிலோ மார்பினிலோ அந்தப் பத்து மடங்கு என்ன செய்யும் என்பது நர்சிங் படித்தவர்களுக்குத் தெரியும். அதனால் கண்டிப்பு இங்கே வேண்டும். அதோடு, தேறும்வரை திரும்பத் திரும்ப எழுதவும் விட வேண்டும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டு "சிஸ்டர், தப்பா குடுத்துட்டேன்" என்று ஓடிவரும் மாணவியும், அதே தவறைச் செய்துவிட்டு சார்ட்டில் சரியாகக் கொடுத்ததாக எழுதும் மாணவியும் ஒன்றல்ல. முதலாமவள் வந்து சொன்ன அந்த நிமிடத்தில் மாற்று ஏற்பாடு செய்ய நேரம் கிடைக்கிறது. அவளை நோயாளியின் முன்னாலேயே திட்டி, பெற்றோரை வரச்சொல்லி, சஸ்பெண்ட் செய்தால், பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்கள் அனைவரும் அன்றைக்கே ஒரு பாடம் படித்துவிடுகிறார்கள்: வாயைத் திறக்காதே. தானே முன்வந்து சொன்ன தவறுக்குக் கூடுதல் பயிற்சி, மறைத்த தவறுக்கு ஒழுங்கு நடவடிக்கை என்று விதிப்புத்தகத்தில் தெளிவாகவே எழுதிவைக்கலாம். நோயாளியைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் போடுவதையும் இரண்டாவது வகையில்தான் சேர்ப்பேன். முகம் தெரியவில்லை என்பதெல்லாம் சமாதானம் ஆகாது.

கட்டுரையில் பேசியவர்கள் எல்லோரும் முதல்வர்களும் பயிற்றுநர்களும்தான். நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். இரவு டியூட்டியில் எத்தனை படுக்கை ஒரு மாணவியின் தலையில் விழுகிறது, கூட நின்று சொல்லித்தர ஆள் இருக்கிறார்களா, 20 என்று எழுதும் பழக்கம் எப்படி ஒட்டிக்கொண்டது என்பதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடமே கேட்டு வெளியிடுங்கள். பெயரும் கல்லூரியும் போடாமல் வெளியிட்டால் நிச்சயம் எழுதுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நர்சிங் பயிற்றுநர் ஒருவர்