எதிர்ப்புத்திறன் பெறுவது உடம்பல்ல, கிருமி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆன்டிபயாடிக் (பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து) பற்றிய செய்திகளில் வரும் "எதிர்ப்புத்திறன்" என்ற சொல் வாசகரைக் குழப்புகிறது. நோய் எதிர்ப்புத்திறன் கூடினால் நல்லது என்றே படித்துப் பழகியவர், "ஆன்டிபயாடிக் எதிர்ப்புத்திறன் கூடுகிறது" என்ற தலைப்பைப் பார்த்தால் உடம்பைப் பற்றிய செய்தி என்றுதான் எடுத்துக்கொள்வார். 2015-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா, நைஜீரியா, எகிப்து, வியட்நாம் உள்ளிட்ட 12 நாடுகளில் சுமார் 10,000 பேரிடம் கேட்டது. மருந்துக்கு உடம்புதான் பழகிப்போகிறது என்று நினைத்தவர்கள் 76 சதவீதம். சளிக்கும் ஃப்ளூ காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் கேட்கும் என்று நம்பியவர்கள் 64 சதவீதம். இரண்டுமே தவறு.

உடம்பு பழகிவிட்டது என்று எண்ணுபவர் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துகிறார். அடுத்த முறை "பவர்" கூடியதைக் கேட்கிறார். கெடுதல் வந்தாலும் தனக்குத்தானே என்று விட்டுவிடுகிறார். உண்மையில் மாறுவது பாக்டீரியா. விழுங்கிய மருந்து, குடலில் வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்களையும் தாக்குகிறது. மசிந்தவை மடிய, மசியாதவை இடம் பிடித்துப் பெருகுகின்றன. தப்பிக்க உதவிய மரபணுத் துண்டை வேறு வகை பாக்டீரியாவுக்கும் கைமாற்றுகின்றன. மலம், கழுவாத கை, கழிவுநீர் கலந்த குடிநீர் வழியே அவை அடுத்தவரிடம் போகின்றன. ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாத கைக்குழந்தைக்கும் அந்தக் கிருமி தொற்றலாம். கழிவுநீர் வசதி குறைந்த நாடுகளுக்கு இது இரட்டைச் சுமை.

தேவையான நோய்க்குச் சரியான மருந்தே கிடைத்தாலும், அது வீட்டில் வீணாகும் இடங்கள் உண்டு. குழந்தைகளுக்கான அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் சிரப் பெரும்பாலும் தூளாகவே வருகிறது. பாட்டிலைத் தட்டித் தூளை உதிர்த்தபின், கொதித்து ஆறிய நீரில் பாதியை ஊற்றிக் குலுக்க வேண்டும். நுரை அடங்கியதும் கோடு வரை மீதியை ஊற்றி மறுபடி குலுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஊற்றினால் தூள் அடியில் கட்டிபட்டுவிடும். முதல் நாட்களில் நீர்த்த மருந்தும் கடைசி நாட்களில் கெட்டியான மருந்தும் உள்ளே போகும். ஒவ்வொரு வேளையும் குலுக்காவிட்டாலும் இதே கதிதான். வீட்டு ஸ்பூன் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. மில்லிலிட்டர் குறித்த மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோ வேண்டும். அமாக்சிசிலினோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த சிரப்பைக் கலக்கியபின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, 7 நாளில் கொட்டிவிட வேண்டும். கலக்கிய தேதியை பாட்டிலில் எழுதுவது சின்ன வேலை, ஆனால் அதைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

வேளைக் கணக்குக்கும் காரணம் உண்டு. அமாக்சிசிலின் இரத்தத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. அதனால் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் அப்படியே கொடுக்க வேண்டும்; விட்ட வேளைக்கு அடுத்த முறை இரண்டாகக் கொடுத்தால் ஈடாகாது. அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் திசுக்களில் நாள்கணக்கில் தங்குவதால்தான் 3 நாளில் முடிகிறது. அதைச் சளிக்கு விழுங்கினால், பயன் ஏதுமில்லாமல் குறைந்த அளவு மருந்து உடலில் பல நாள் தங்கிக் கிருமிகளைப் பழக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைப் பாலோடும் வயிற்றெரிச்சல் மருந்தோடும் சேர்த்துக் குடித்தால், அவற்றிலுள்ள உலோக உப்புகள் பிடித்துக்கொண்டு அது உடம்பில் சரியாகச் சேராது.

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தாலே பாக்டீரியா என்று பொருளல்ல. குழந்தையின் நீர்த்த வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலும் 10 முதல் 14 நாள் துத்தநாகமும் போதும். மலத்தில் இரத்தம் வந்தால் மட்டும் கதை வேறு, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இருமும் குழந்தை அமைதியாக இருக்கும்போது மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50-ஐயும், ஒரு வயது முதல் 5 வயதுக்குள் 40-ஐயும் தொட்டால் நிமோனியாவாக இருக்கலாம். அங்கே ஆன்டிபயாடிக் உயிர் காக்கும், தாமதிக்கவே கூடாது.

இதழ்களிடம் ஒரு வேண்டுகோள். தலைப்புகளில் "மருந்துக்கு மசியாத கிருமி" என்று எழுதுங்கள். அரசுகளும் நிறுவனங்களும் ஒவ்வொரு ஆன்டிபயாடிக் மாத்திரை அட்டையிலும் "பாக்டீரியாவுக்கு மட்டும், சளிக்கு அல்ல" என்று, வாங்குபவர் படிக்கும் மொழியில், கண்ணில் படும் எழுத்தில் அச்சிட வேண்டும்.

இங்ஙனம்,
மருந்தாளுநர்கள் சிலர்